பழ ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும்: ஹவாய்த் தீவுகளின் நூற்றாண்டு அனுபவம்

பழ ஈக்கள் டெஃப்ரிடிடே என்னும் பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்கள் வேறு, இவை வேறு. டெஃப்ரிடிடே குடும்பத்தின் பழ ஈக்கள் மரத்திலும் கொடியிலும் இருக்கும் நல்ல காய்களைத் தேடி வந்து கெடுப்பவை. மத்தியதரைக்கடல் பழ ஈ, கீழை நாட்டுப் பழ ஈ, பூசணிக் குடும்பக் காய்களைத் தாக்கும் பழ ஈ ஆகிய மூன்றும் உழவர்களுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பவை. மூன்றுமே ஹவாய்த் தீவுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறின. அவற்றைக் கட்டுப்படுத்த ஒட்டுண்ணிக் குளவிகளைக் கண்டம் கண்டமாகத் தேடிக் கொண்டுவந்த முயற்சியும் அங்கேயே தொடர்ச்சியாக நடந்தது. வேளாண்மையில் பூச்சியைப் பூச்சியால் அடக்கும் அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய ஹவாயின் வரலாறு மிகச் சிறந்த சான்று.

ஈயின் வாழ்வும் குளவியின் வாழ்வும்

பெண் ஈ முற்றத் தொடங்கிய காயின் தோலைத் தன் வயிற்று நுனியிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் துளைத்து, தோலுக்குச் சற்றே கீழே முட்டைகளை வைக்கிறது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று நாள்களில் முட்டை பொரிந்து, வெண்ணிறப் புழுக்கள் சதையைத் தின்றுகொண்டே உள்ளே செல்கின்றன. பழம் அழுகி உதிர்ந்த பிறகு முதிர்ந்த புழுக்கள் வெளியேறி, மண்ணில் சில அங்குல ஆழத்தில் புதைந்து கூட்டுப்புழுக்களாகின்றன. பத்து நாள் கழித்துப் புதிய ஈக்கள் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. முட்டைக்கும் புழுவுக்கும் பழமே அரண். கூட்டுப்புழுவுக்கு மண் அரண். பறக்கும் ஈ ஒன்றுதான் மருந்துத் தெளிப்புக்கு நேரே அகப்படும். பழ ஈயை மருந்தால் மட்டும் ஒழிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பழ ஈயைத் தாக்கும் குளவிகளில் முக்கியமானவை பிராக்கோனிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவை மனிதரைக் கொட்டுவதில்லை. பெண் குளவி பழத்தின் மேல் நடந்து, உள்ளே நெளியும் புழுவின் அசைவையும் அழுகலின் மணத்தையும் கொண்டு இடத்தை அறிகிறது. பிறகு மெல்லிய நீண்ட ஊசியைப் பழத்துக்குள் செலுத்தி, ஈயின் புழுவுக்குள் தன் முட்டையை இடுகிறது. தாக்கப்பட்ட புழு உடனே சாவதில்லை. அது வழக்கம்போல் தின்று வளர்ந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதன்பின் குளவியின் குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. ஈ வெளிவர வேண்டிய கூட்டிலிருந்து குளவி வெளிவருகிறது. குளவியின் ஊசி எட்டும் ஆழத்தில் புழு இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். பின்வரும் வரலாற்றின் வெற்றி தோல்விகளில் பெரும்பாலானவற்றை முடிவு செய்தது இந்த ஆழமே.

தாயகம் தெரியாத பகை

மத்தியதரைக்கடல் பழ ஈக்கு 1824-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வீடெமன். அவர் கையில் இருந்த மாதிரி கீழை இந்தியாவிலிருந்து வந்தது என்று குறிக்கப்பட்டிருந்தது. அது பிழையான குறிப்பு. ஐந்து ஆண்டுகள் கழித்து அசோர் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களில் இதே ஈ கண்டறியப்பட்டு, வேறொரு பெயரால் விவரிக்கப்பட்டது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் நீராவிக் கப்பல்கள் வேகம் பெற்றன. பழ வணிகம் பெருகியது. கப்பலில் போன பழங்களோடு ஈயும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆஸ்திரேலியாவை எட்டிவிட்டது.

அதே காலத்தில் உயிரியல் கட்டுப்பாட்டின்மேல் பெரும் நம்பிக்கை பிறந்திருந்தது. 1888-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவகைப் பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில்பூச்சியை அந்த வண்டு ஓரிரு ஆண்டுகளில் அடக்கியது. ஒரு நாட்டுக்குள் புதிதாக நுழைந்த பூச்சிக்கு அதன் தாயகத்தில் இயற்கை எதிரிகள் இருக்கும், அவற்றைக் கொண்டுவந்தால் போதும் என்ற கருத்து வேரூன்றியது.

பழ ஈயின் தாயகம் எது என்பதே அப்போது தெரியவில்லை. மேற்கு ஆஸ்திரேலிய அரசும் கலிபோர்னியாவும் நியமித்த ஜார்ஜ் கம்பேர் பல நாடுகளில் தேடினார். பிரேசிலில் ஈயை அடக்கிவைத்திருக்கும் எதிரிகளைக் கண்டுவிட்டதாக 1904-இல் அறிவித்தார். அதைச் சரிபார்க்கத் தென்னாப்பிரிக்கப் பூச்சியியலாளர்கள் லவுன்ஸ்பரியும் ஃபுல்லரும் 1905-இல் பிரேசில் சென்று ஏமாற்றத்துடன் திரும்பினர். கம்பேர் பின்னர் இந்தியாவிலிருந்தும் ஒட்டுண்ணிகளை மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றார். அவை அங்கே நிலைக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பூச்சியியலாளர் வால்டர் ஃப்ராகட் 1907-08இல் உலகைச் சுற்றிவந்து இம்முயற்சிகளை ஆராய்ந்தார். பொறிவண்டின் வெற்றியைப் பழ ஈயிடம் எளிதில் எதிர்பார்க்க முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று. செதில்பூச்சி கிளையின் மேல் வெட்டவெளியில் ஒட்டிக்கொண்டிருப்பது. பழ ஈயின் புழு பழத்துக்குள் ஒளிந்திருப்பது.

ஹவாயில் 1910

ஹவாய்க்கு முதலில் வந்தது பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் பழ ஈ. 1895 அளவில் அது அங்கே நுழைந்தது. அதற்கு முன்பு தீவுகளில் எளிதாக விளைந்த முலாம்பழம், தர்பூசணி, பூசணி, வெள்ளரி ஆகியவற்றைப் பயிரிடுவது பல இடங்களில் கைவிடப்பட்டது. மத்தியதரைக்கடல் பழ ஈ 1910-இல் ஹொனலுலுவில் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் வழியே அது வந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. நான்கே ஆண்டுகளில் முக்கியத் தீவுகள் எல்லாவற்றிலும் அது பரவிவிட்டது.

நகரத்தில் வீடுதோறும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிக்கும் இயக்கம் நடத்தப்பட்டது. ஆனால் ஹவாயின் பள்ளத்தாக்குகளில் கொய்யா காடாக மண்டிக் கிடந்தது. வீட்டுத் தோட்டங்களைத் துப்புரவாக்கினாலும் காட்டிலிருந்து ஈ வந்துகொண்டே இருந்தது. 1912-இல் அமெரிக்கக் கூட்டரசு ஹவாயின் பழங்கள் பெருநிலத்துக்கு வருவதைத் தடைசெய்தது. ஏற்றுமதி வழி அடைபட்டதும் தீவு அரசின் வேளாண்மை, வன வாரியம் ஒட்டுண்ணிகளைத் தேட முடிவு செய்தது. வாரியத்தில் இதை முன்னின்று நடத்தியவர் வால்டர் ஜிஃபர்ட். தேடும் பொறுப்பு இத்தாலியின் போர்ட்டிச்சி வேளாண் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்போ சில்வெஸ்திரியிடம் ஒப்படைக்கப்பட்டது.

சில்வெஸ்திரியின் பயணம்

மத்தியதரைக்கடல் பழ ஈயின் நெருங்கிய உறவினங்கள் நிறைந்திருக்கும் இடம் ஆப்பிரிக்கா. ஆகவே அதன் தாயகமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்ற கருத்தின் அடிப்படையில் சில்வெஸ்திரி 1912-இல் புறப்பட்டார். செனகல், கினி, கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா, நைஜீரியா, கேமரூன், காங்கோ, அங்கோலா, தென்னாப்பிரிக்கா என மேற்குக் கரையோரமாகவே அவர் இறங்கி வந்தார். காட்டுப் பழங்களைப் பறித்து, அவற்றிலிருந்து வரும் ஈக்களையும் குளவிகளையும் தனித்தனியே பிரித்துப் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்காவில் கான்ஸ்டான்ஷியா என்ற இடத்தில் ஓப்பியஸ் ஹ்யூமிலிஸ் என்ற குளவி கிடைத்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியா சென்றபோது, குவின்ஸ்லாந்து பழ ஈயைத் தாக்கும் டயக்காஸ்மா ட்ரையோனி என்ற குளவியும் கிடைத்தது. 1913 மே மாதம் அவர் ஹொனலுலு வந்துசேர்ந்தார்.

விமானம் இல்லாத காலத்தில் இது சாதாரணச் செயல் அன்று. வளர்ந்த குளவிகள் சில வாரங்களே உயிர்வாழும். கப்பல் பயணமோ அதைவிட நீண்டது. வழியிலேயே புதிய தலைமுறையை உண்டாக்க வேண்டுமானால், புழுவுள்ள புதுப்பழங்கள் தொடர்ந்து கைவசம் இருக்க வேண்டும். வெப்பமண்டலத்தின் புழுக்கத்தையும் தென்கடலின் குளிரையும் அந்த உயிர்கள் தாங்க வேண்டும். புறப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே மாண்டன. ஹொனலுலுவை உயிருடன் அடைந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய குளவிகளே. அவற்றை ஆய்வகத்தில் பெருக்கித்தான் தோட்டங்களில் விட முடிந்தது. 1914-இல் வெளியான சில்வெஸ்திரியின் அறிக்கை ஆப்பிரிக்கப் பழ ஈக்களையும் அவற்றின் எதிரிகளையும் பற்றிய முதல் விரிவான ஆவணம் ஆயிற்று.

அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்ட சில குளவிகள் உயிருடன் வந்துசேரவில்லை. அவற்றைக் கொண்டுவர ஹவாயின் பூச்சியியலாளர்கள் டேவிட் ஃபுல்லவேயும் ஜே. சி. பிரிட்வெல்லும் 1914-இல் நைஜீரியா சென்றனர். டயக்காஸ்மா ஃபுல்லவேயி, டெட்ராஸ்டிகஸ் ஜிஃபர்டியானஸ் என்ற இரண்டு இனங்கள் அவர்களால் ஹவாயில் நிலைபெற்றன.

காப்பியும் ஆரஞ்சும் காட்டிய வேறுபாடு

குளவிகள் விடப்பட்ட ஓரிரு ஆண்டுகளில் ஒரு விந்தை புலப்பட்டது. கோனா வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் பழ ஈயின் புழுக்களில் பெரும்பகுதி குளவிக்கு இரையாயிற்று. அதே தீவில் மாம்பழம், ஆரஞ்சு போன்றவற்றுக்குள் இருந்த புழுக்களோ பெரும்பாலும் தப்பின. குளவி ஒன்று, ஈயும் ஒன்று. விளைவு மட்டும் பயிருக்குப் பயிர் மாறியது.

விடை பழத்தின் அமைப்பில் இருந்தது. காப்பிப் பழத்தில் விதைகளைச் சுற்றி மெல்லிய சதை மட்டுமே உண்டு. புழு ஒளிய அங்கே இடம் இல்லை. தோலின் மேல் நின்று குளவி எங்கே குத்தினாலும் ஊசி எட்டிவிடும். ஆரஞ்சில் தடித்த தோலுக்கு அடியிலும், மாம்பழத்தில் விரற்கடைக்கு மேலான சதைக்குள்ளும் புழு இறங்கிவிடுகிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் இந்த ஈயும் குளவியும் ஒன்றாக வாழ்ந்தது சிறிய, மெல்லிய சதையுள்ள காட்டுப் பழங்களில். மனிதன் பல தலைமுறைகளாகச் சதைப்பற்று மிகுந்த பழங்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தான். அவன் சுவைக்காகப் பெருக்கிய சதை, ஈயின் புழுவுக்குக் கோட்டைச் சுவர் ஆயிற்று. குளவியின் ஊசி அதற்கேற்ப நீளவில்லை. பழ ஈயின் உயிரியல் கட்டுப்பாட்டில் கிடைத்த முதல் பெரும் பாடம் இது.

ஒரு குளவியா, பல குளவிகளா?

இரண்டாவது பாடம் ஒரு பெரும் விவாதமாக வந்தது. ஹவாயில் ஆய்வு செய்துவந்த பெம்பர்டனும் வில்லர்டும் 1918-இல் வெளியிட்ட கட்டுரையில், கொண்டுவரப்பட்ட குளவிகள் ஒன்றோடொன்று மோதுவதை விளக்கினர். ஒரே ஈப்புழுவுக்குள் இரண்டு இனக் குளவிகள் முட்டையிட்டால், உள்ளே இரு குஞ்சுகளுக்கும் சண்டை மூளும். டயக்காஸ்மா ட்ரையோனியின் இளங்குஞ்சுக்கு வலிய தாடைகள் உண்டு. அது ஓப்பியஸ் ஹ்யூமிலிஸின் குஞ்சைக் கடித்துக் கொன்றுவிடும். ஹ்யூமிலிஸ் அதிக முட்டையிடும், வேகமாகப் பெருகும். ஆகவே ஹ்யூமிலிஸை மட்டும் விட்டிருந்தால் கட்டுப்பாடு இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

இதற்கு மறுப்பும் எழுந்தது. உயிரியல் கட்டுப்பாடு என்ற பெயரை 1919-இல் வழக்கில் கொண்டுவந்த கலிபோர்னியாவின் ஹாரி ஸ்மித், 1929-இல் பல இன ஒட்டுண்ணிகளை அறிமுகம் செய்வதை ஆதரித்து எழுதினார். இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம், பழத்துக்குப் பழம் நிலைமை மாறுகிறது. எந்த இனம் எங்கே சிறக்கும் என்று முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது. எனவே தகுதியுள்ளவை எல்லாம் களத்தில் இருக்கட்டும் என்பது அவர் வாதம். ஹவாயில் 1914 முதல் 1933 வரை ஆண்டுதோறும் பழங்களைச் சேகரித்துக் குளவிகளின் பங்கைக் கணக்கிட்ட பதிவுகள் இந்த விவாதத்துக்கு அடிப்படையாக இருந்தன. எதைக் கொண்டுவந்தோம் என்பதோடு நின்றுவிடாமல், கொண்டுவந்தது என்ன செய்தது என்பதையும் இருபது ஆண்டுகள் அளந்து பார்த்தது ஹவாயின் பெருமை.

இந்தியாவிலிருந்து போன குளவி

பூசணிக் குடும்பப் பழ ஈயின் தாயகம் இந்திய நிலப்பகுதி. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி என நம் பந்தல் காய்கறிகள் அனைத்தையும் தாக்குவது இதுவே. அதன் எதிரியைத் தேடி ஃபுல்லவே இந்தியா வந்தார். இங்கிருந்து அவர் கொண்டுசென்ற ஒட்டுண்ணிக் குளவி 1916-இல் ஹவாயில் விடப்பட்டு நிலைபெற்றது. அதற்கு சில்வெஸ்திரி சூட்டிய இனப்பெயர் ஃப்ளெட்செரி. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்து, தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-இல் பெருநூல் வெளியிட்டு, பின்னர் பூசா ஆய்வு நிறுவனத்தில் இந்திய அரசின் தலைமைப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய பெயின்பிரிக் ஃப்ளெட்சரின் நினைவாக அமைந்த பெயர் அது. இன்று அக்குளவி சிட்டாலியா ஃப்ளெட்செரி எனப்படுகிறது.

இந்தக் குளவியும் முன்பு கண்ட பாடத்தையே உறுதிப்படுத்தியது. ஹவாயில் வேலியோரங்களிலும் தரிசுகளிலும் படர்ந்திருந்த காட்டுப் பாகலின் சிறு காய்களில் அது ஈப்புழுக்களைப் பெருமளவு அழித்தது. பயிரிட்ட வெள்ளரியிலும் முலாம்பழத்திலும் அதன் வீச்சு மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. காட்டுப் பாகல் ஈயின் நாற்றங்கால். அங்கே ஈ குறைந்தால் வயலுக்கு வரும் ஈயும் குறையும்.

1946-உம் முட்டையைத் தாக்கும் குளவியும்

இரண்டாம் உலகப்போர் மூன்றாவது எதிரியைக் கொண்டுவந்தது. ஆசியாவின் மாமரத் தோப்புகளுக்கு நன்கு பழக்கமான கீழை நாட்டுப் பழ ஈ 1946-இல் ஹவாயில் கண்டறியப்பட்டது. மரியானா தீவுகளிலிருந்து திரும்பிய இராணுவச் சரக்குகளோடு அது வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அது பெருகிய வேகம் முன்னெப்போதும் காணாதது. கொய்யா, மா, பப்பாளி, வெண்ணெய்ப்பழம் என எதையும் அது விட்டுவைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மத்தியதரைக்கடல் பழ ஈயையே தாழ்நிலங்களிலிருந்து குளிர்ந்த மேட்டுநிலங்களுக்குத் துரத்திவிட்டது.

கலிபோர்னியாவுக்கும் பரவிவிடுமோ என்ற அச்சத்தால் பெரும் கூட்டு முயற்சி தொடங்கியது. தீவு அரசு, அமெரிக்க வேளாண் துறை, கலிபோர்னியப் பல்கலைக்கழகம், கரும்புத் தோட்ட உரிமையாளர் சங்கம், அன்னாசி ஆய்வு நிறுவனம் ஆகியவை கைகோத்தன. 1947 முதல் 1951 வரை மலாயா, பிலிப்பைன்ஸ், இந்தியா, தாய்லாந்து, போர்னியோ, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பழ ஈக்களின் கூட்டுப்புழுக்கள் இலட்சக்கணக்கில் விமானத்தில் ஹொனலுலு வந்தன. சில்வெஸ்திரிக்கு வாரக்கணக்கில் ஆன வழி இப்போது சில நாள்களில் முடிந்தது. பல இனக் குளவிகள் அடுத்தடுத்து விடப்பட்டன.

அதன்பின் நடந்தது பூச்சியியல் வரலாற்றில் அரிதான காட்சி. முதலில், உடலைவிட நீண்ட ஊசியை உடைய லாஞ்சிகாடேட்டா என்ற குளவி 1948-இல் வேகமாகப் பரவி முதலிடம் பிடித்தது. 1949-இல் வேன்டன்பாஷி என்ற இனம் அதைப் பின்னுக்குத் தள்ளியது. 1950-இல் மூன்றாவது குளவி ஒன்று இரண்டையும் மிஞ்சியது. அதை முதலில் வேறு இனமாகக் கருதிவிட்டதால் அதன் தனித்தன்மை சிறிது காலம் மறைந்தே இருந்தது. ராபர்ட் வான் டென் பாஷும் ஹரமோட்டோவும் கவனமாக ஆராய்ந்தபோது, அது ஈயின் புழுவைத் தேடுவதே இல்லை, பழத்தோலுக்கு அடியில் ஈ புதிதாக வைத்துச் சென்ற முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை இடுகிறது என்று தெரிந்தது. ஃபுல்லவே 1951-இல் அதற்குப் பெயரிட்டார். தைவானிலிருந்து 1932-லேயே அது விவரிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்ததால், இன்று ஃபோப்பியஸ் அரிசானஸ் என்று வழங்குகிறது.

பழைய சிக்கலுக்கு இதில் விடை இருந்தது. ஈயின் புழு எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் இறங்கலாம். ஈயின் முட்டை தோலை ஒட்டித்தான் இருக்க முடியும். கொய்யாவானாலும் மாம்பழமானாலும் அந்த ஆழம் பெரிதாக மாறாது. ஆகவே முட்டையைத் தாக்கும் குளவிக்குச் சதையின் கனம் தடையில்லை. உள்ளே நடக்கும் போட்டியிலும் முந்தி நுழைந்த இதன் குஞ்சே வென்றது. பின்வந்த ஆண்டுகளில் கொய்யாவில் இருந்த ஈக்களில் பாதிக்கு மேல், சில இடங்களில் மூன்றில் இரண்டு பங்குவரை, இக்குளவியால் அழிந்தன. மத்தியதரைக்கடல் பழ ஈக்கும் அது முக்கிய எதிரி ஆயிற்று. 35 ஆண்டுகளாக நீண்ட ஊசியுள்ள குளவியைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது, நேரம் அறிந்து வரும் குளவி.

மருந்தும் பொறியும் வந்த காலம்

1950-களில் செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் எங்கும் பரவின. குளவி ஆய்வு ஓரளவு பின்தங்கியது. இந்தக் காலத்தில் சிறந்து விளங்கிய முறைகளில் ஒன்றின் வேர் இந்தியாவில் இருக்கிறது. பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட், சில தாவர எண்ணெய்கள் ஆண் பழ ஈக்களைக் கவர்வதை 1912-இல் எழுதினார். கீழை நாட்டுப் பழ ஈயின் கூட்டத்தை இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பது 1915-இல் வெளிப்பட்டது. ஹவாயில் பூச்சியியலாளர் ஸ்டைனர் 1950-களில் அதைப் பூச்சிக்கொல்லியோடு கலந்து, ஆண் ஈக்களை அடியோடு குறைக்கும் முறையை வகுத்தார். அம்முறையால் மரியானா தீவுகளில் ஒன்றான ரோட்டாவிலிருந்து கீழை நாட்டுப் பழ ஈ ஒழிக்கப்பட்டது 1965-இல் அறிவிக்கப்பட்டது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை வானிலிருந்து தூவும் முறை ஜப்பானின் ஒக்கினாவா தீவுகளில் பூசணிக் குடும்பப் பழ ஈயை 1993-இல் முற்றாக ஒழித்தது.

இம்முறைகள் கடல் சூழ்ந்த தீவுகளில் சிறந்தன. பரந்த நிலப்பரப்பில், அண்டை மாவட்டத்திலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும் இடத்தில், தனியாக நிற்க அவற்றால் முடியவில்லை. ஆகவே குளவியின் பக்கம் கவனம் திரும்பியது. லாஞ்சிகாடேட்டா குளவியை ஆய்வகத்தில் பெருக்குவது எளிது. ஃப்ளோரிடாவில் 1970-களில் கரீபியப் பழ ஈக்கு எதிராக அது விடப்பட்டது. மெக்சிகோவில் ஆலைகளில் பெருமளவில் வளர்த்துத் தோட்டங்களில் விடப்படுகிறது. அரிசானஸ் குளவியோ ஆய்வகத்தில் நெடுங்காலம் வசப்படவில்லை. எர்னஸ்ட் ஹாரிஸும் உடனிருந்தவர்களும் ஹவாயில் பொறுமையாக உழைத்த பிறகே அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்க முடிந்தது.

ஹவாயிலிருந்து உலகுக்கு

கொண்டுவந்து குவித்த ஹவாய், 21ஆம் நூற்றாண்டில் கொடுக்கும் இடம் ஆயிற்று. தஹித்தியில் கீழை நாட்டுப் பழ ஈ 1996-இல் காணப்பட்டது. அதை ஒழிக்கும் முயற்சி தோற்றது. 2002-இன் இறுதியிலிருந்து ஹவாயின் அரிசானஸ் குளவி அங்கே விடப்பட்டது. சில ஆண்டுகளில் கொய்யாப் பழங்களில் பாதி அளவு ஈக்கள் குளவிக்கு இரையாயின. பழத்திலிருந்து வெளிவரும் ஈக்களின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது.

2003-இல் கென்யாவில் புதிய பழ ஈ ஒன்று தோன்றி, சில ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்கா எங்கும் பரவி மாம்பழ வணிகத்தைக் குலைத்தது. அதே வகை ஈக்கள் இலங்கையிலும் இருப்பது தெரிந்து, 2005-இல் இலங்கை, ஆப்பிரிக்க மாதிரிகளைக் கொண்டு அதற்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. 2015-இல் மரபணு, உருவம், இனச்சேர்க்கை ஆகிய சான்றுகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அது கீழை நாட்டுப் பழ ஈயேதான் என்று முடிவாயிற்று. ஆப்பிரிக்காவின் சொந்தக் குளவிகள் சில இந்த விருந்தாளி ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டன. புழுவின் இரத்த அணுக்கள் அம்முட்டைகளைச் சுற்றி மூடி மூச்சடைக்கச் செய்தன. அரிசானஸ் குளவியை மட்டும் அந்த ஈயின் உடல் தடுக்கவில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே மண்ணில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. நைரோபியிலுள்ள பன்னாட்டுப் பூச்சியியல் மையம் 2006-இல் ஹவாயிலிருந்து அதை வரவழைத்துக் கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் விட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து குளவி பெற்ற ஹவாய், 90 ஆண்டுகளுக்குப் பின் ஆப்பிரிக்காவுக்குக் குளவி கொடுத்தது.

எச்சரிக்கையும் எல்லையும்

தொடக்க காலத் தேடலில் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை: கொண்டுவரும் குளவி வேறு எதையெல்லாம் தாக்கும்? ஹவாயில் உண்ணிச்செடியைக் கட்டுப்படுத்த ஒருவகைக் கழலை ஈ முன்பே கொண்டுவரப்பட்டிருந்தது. அதுவும் டெஃப்ரிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. சில்வெஸ்திரி கொண்டுவந்த ட்ரையோனி குளவி அந்த நன்மை செய்யும் ஈயையும் தாக்குவது 1990-களின் ஆய்வில் உறுதியாயிற்று. ஹவாய்க்கே உரிய டெஃப்ரிடிடே ஈக்கள் பூக்களிலும் தண்டுகளிலும் வாழ்கின்றன. அவை எப்பயிருக்கும் தீங்கு செய்யாதவை. அவற்றுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால், இன்று எந்தக் குளவியையும் விடுமுன் அது எவற்றைத் தாக்கும் என்று அடைத்த கூடங்களில் சோதிப்பது கட்டாயமாகியுள்ளது. அரிசானஸ் குளவி அச்சோதனையில் தேறியது. பழத்தில் உள்ள ஈ முட்டைகளைத் தவிர, பூவிலும் தண்டிலும் வாழும் ஈக்களை அது நாடவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. குளவி ஈயைக் குறைக்கும், ஒழிக்காது. ஈ முற்றும் அழிந்தால் குளவிக்கே வாழ்வில்லை. சந்தைக்கு அனுப்பும் பழத்தில் ஒரு புழுகூட இருக்கக்கூடாது என்று எதிர்பார்க்கும் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தோட்டத்துக்குக் குளவி மட்டும் போதாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஹவாயில் தொடங்கிய பரந்த நிலப்பரப்புத் திட்டம் இதை ஏற்றுக்கொண்டே வகுக்கப்பட்டது. உதிர்ந்த பழங்களை அகற்றுதல், ஆண் ஈக்களைக் கவர்ந்து கொல்லும் பொறி, சிறிதளவு மருந்து கலந்த புரதத் தீனியைப் புள்ளி புள்ளியாக இடுதல், குளவிகளைக் காத்தல் ஆகியவை ஒருங்கே செய்யப்பட்டன. அங்கே உருவான எளிய கருவி ஒன்று உழவருக்கு மிகவும் பயன்படுவது. கூடாரம் போன்ற அமைப்பில் உதிர்ந்த பழங்களைப் போட்டு மூடிவிடுவார்கள். மேலே உள்ள வலையின் கண்கள் ஈ வெளியேற முடியாத அளவுக்குச் சிறியவை, குளவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. பழத்தில் பிறக்கும் ஈக்கள் உள்ளேயே மடியும், குளவிகள் தோட்டத்துக்குத் திரும்பும். ரீயூனியன் தீவிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாறு வெளிநாட்டுச் செய்தி அன்று. கீழை நாட்டுப் பழ ஈயும் பூசணிக் குடும்பப் பழ ஈயும் இம்மண்ணின் பூச்சிகள். அவற்றின் குளவிகளும் இம்மண்ணுக்கு உரியவையே. பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் இந்தியாவின் மாம்பழத்தையும் பாகல், புடலை உள்ளிட்ட நான்கு காய்கறிகளையும் தடைசெய்தது. மாம்பழத்தின் மீதான தடை அடுத்த ஆண்டு நீங்கியது. மற்ற நாடுகள் கடல் கடந்து தேடிப்போன குளவி இங்கே தோப்பில் தானாகவே இருக்கிறது. கண்ட நேரத்தில் கண்ட மருந்தைத் தெளித்தால் ஈக்கு முன்பு சாவது அதுதான், ஏனெனில் அது பழத்தின் மேல் வெளிப்படையாக நடமாடுவது. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் அழுகவிடாமல் நாள்தோறும் பொறுக்குவதும், பொறுக்கியதை வலையிட்ட கூடாரத்தில் போட்டு மூடுவதும், கவர்ச்சிப் பொறி வைப்பதும், தேவையற்ற தெளிப்பைத் தவிர்ப்பதும் எந்த உழவரும் செய்யக்கூடியவை. ஒருவர் மட்டும் செய்தால் பலன் சிறிது. ஊரே சேர்ந்து செய்தால் பழ ஈ அடங்கும் என்பதை ஹவாயின் நூற்றாண்டு அனுபவம் உறுதிசெய்கிறது.